ஷெல் ஸ்கிரிப்டைப் பல கோப்புகளாகப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஷ் ஸ்கிரிப்ட் ஆயிரம் வரியைத் தாண்டியதும் யாராவது ஒருவர் ‘லிப்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டுவிடுவார். ஃபங்ஷன்களை வெட்டி ஐந்தாறு கோப்புகளில் ஒட்டி, மெயின் ஸ்கிரிப்டின் தலையில் ‘சோர்ஸ்’ கட்டளைகளை வரிசையாக எழுதினால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். பைத்தான் எழுதிப் பழகியவர்களுக்கு அது ‘இம்போர்ட்’ போலவே தெரியும். ஆனால் ‘சோர்ஸ்’ செய்வது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கோப்பை, ஓடிக்கொண்டிருக்கும் அதே ஷெல்லுக்குள், அந்த இடத்திலேயே ஓட்டுகிறது. தனி நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமல் பிரித்துவைக்கும் வேலி) கிடையாது. ஏற்கெனவே ஏற்றிய கோப்பா என்றும் பார்க்காது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதலில் மாட்டுவது பாதை. ‘சோர்ஸ் லிப்/லாக்.எஸ்ஹெச்’ என்று எழுதினால், ஷெல் அதை ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து தேடாது. ஓட்டுபவர் நிற்கும் ஃபோல்டரிலிருந்து தேடும். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று ஓட்டும்வரை எல்லாம் சரி. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் கிரான், அதை ஹோம் ஃபோல்டரிலிருந்து ஓட்டியதும் உடையும். சாய்கோடு இல்லாமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் இன்னும் மோசம்: பாஷ் முதலில் ‘பாத்’ வேரியபிளில் உள்ள ஃபோல்டர்களில் தேடும், அங்கே அதே பெயரில் வேறு கோப்பு இருந்தால் சத்தமில்லாமல் அதை ஏற்றிக்கொள்ளும்.

சரி, ஓடும் ஸ்கிரிப்டின் பெயரைத் தரும் $0-ஐ வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும். சோர்ஸ் செய்யப்பட்ட கோப்புக்குள் $0 என்பது மெயின் ஸ்கிரிப்டின் பெயர், அந்தக் கோப்பின் பெயரல்ல. எந்தக் கோப்பு ஓடுகிறது என்று சொல்லும் ‘பாஷ்_சோர்ஸ்’ அரேயின் முதல் உறுப்பைத்தான் எடுக்க வேண்டும். அதை ‘டிர்நேம்’ வழியாக அனுப்பி ஃபோல்டரை எடுத்து, அங்கே ‘சிடி’ செய்து, நிற்கும் இடத்தைச் சொல்லும் ‘பிடபிள்யூடி’ வெளியீட்டைப் பிடித்துக்கொள்வது எல்லாரும் நகலெடுக்கும் வரி. அதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஸ்கிரிப்டுக்கு வேறொரு ஃபோல்டரில் சிம்லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டிருந்தால் கிடைப்பது அந்தச் சிம்லிங்க் இருக்கும் ஃபோல்டர். அங்கே ‘லிப்’ இருக்காது. லினக்ஸில் ‘ரீட்லிங்க் -எஃப்’ போட்டு உண்மையான பாதையை முதலில் எடுத்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டை, ஓட்டுபவர் ‘சிடிபாத்’ (‘சிடி’ ஃபோல்டரைத் தேடும் இடங்களின் பட்டியல்) வேரியபிளை எக்ஸ்போர்ட் செய்திருந்தால் வரும். அதன் வழியாக ஃபோல்டரைக் கண்டுபிடித்த ‘சிடி’, தான் போன இடத்தை அச்சிடும். உங்கள் வேரியபிளில் ஒரு பாதைக்குப் பதில் இரண்டு வரிகள் உட்கார்ந்திருக்கும். ‘சிடி’யின் வெளியீட்டை நல்-க்கு அனுப்பித் தூக்கியெறிந்தால் தீர்ந்தது. இந்தக் கணக்கை மெயின் ஸ்கிரிப்டில் ஒரே முறை செய்தால் போதும். ஒவ்வொரு கோப்பிலும் திரும்ப எழுதினால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும்.

அடுத்தது, கண்ணில் படவே படாத ஒன்று. கோப்புகளை ஏற்றுவதற்கென்றே ‘லோடு’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதி அதற்குள் சோர்ஸ் செய்கிறோம். ஏற்றப்படும் கோப்பில் ‘டிக்ளேர் -ஏ’ போட்டு ஒரு அரே இருக்கிறது. ஃபங்ஷனுக்குள் ‘டிக்ளேர்’ வந்தால் அது லோக்கல். ஆகவே ‘லோடு’ முடிந்த நொடியில் அந்த அரே காணாமல் போகும். ஆனால் கோப்பிலுள்ள ஃபங்ஷன்கள் நிற்கும், டிக்ளேர் இல்லாமல் வைத்த சாதாரண வேரியபிள்களும் நிற்கும். பாதி இருந்து பாதி இல்லாததால் எங்கே கோளாறு என்று பிடிபடாது. பாஷ் 4.2-லிருந்து ‘டிக்ளேர் -ஜி’ உண்டு, அது வேரியபிளை ஃபங்ஷனுக்கு வெளியேயும் நிற்க வைக்கும். மேக்கோடு வரும் பாஷ் இன்னும் 3.2 என்பதால் அங்கே அது இல்லை. ஃபங்ஷனுக்கு வெளியே நேரடியாகச் சோர்ஸ் செய்வதே நல்லது.

லைப்ரரி கோப்பு ஏற்றப்படும்போதே வேலை செய்யக் கூடாது. அதில் ஒரு ‘எக்ஸிட்’ இருந்தால் மொத்த ஸ்கிரிப்டும் செத்துவிடும், ‘ரிட்டர்ன்’தான் வேண்டும். பிழை வந்ததும் ஸ்கிரிப்டை நிறுத்தும் ‘செட் -இ’ போட்டால் அது கூப்பிட்டவரின் ஷெல்லையும் மாற்றும். ஸ்கிரிப்ட் முடியும்போது சுத்தம் செய்ய வைக்கும் ‘டிராப்’ இன்னும் வில்லங்கம்: எக்ஸிட்டுக்கு ஒரே ஒரு டிராப்தான் நிற்கும், பிந்தி வந்தது முந்தியதை அழித்துவிடும். தற்காலிகக் கோப்புகள் டெம்ப் ஃபோல்டரில் குவிந்துகிடந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

பெயர் மோதலும் அப்படித்தான். இரண்டு கோப்புகளில் ‘இனிட்’ இருந்தால் கடைசியாக ஏறியது ஜெயிக்கும், எச்சரிக்கை வராது. முன்னொட்டு வையுங்கள். கூகுளின் ஷெல் நடைக் கையேடு இரட்டை முக்காற்புள்ளியால் பிரிக்கச் சொல்கிறது, அடிக்கோடும் போதும். ‘ரீட்ஒன்லி’ (மாற்ற முடியாத வேரியபிள்) உள்ள கோப்பை இருமுறை சோர்ஸ் செய்தால் பிழை வரும், அதனால் ஏற்கெனவே ஏறியதா என்று பார்க்க, தலையில் ஒரு காவல் வேரியபிள் தேவை. ‘யுடில்ஸ்’ என்று ஒரு கோப்பு ஆரம்பிக்காதீர்கள். எதற்கும் இடம் தெரியாதபோது எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

உண்மையான எல்லை வேண்டுமென்றால் அது ப்ராசஸ்தான், அதாவது தனியாக ஓடும் நிரல். கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட், அதன் பல கட்டளைகள் ஷெல் ஸ்கிரிப்டாக இருந்த காலத்தில் செய்தது இதையே: ஒவ்வொரு கட்டளையும் ‘கிட்-’ என்று தொடங்கும் தனிக் கோப்பு, பொதுவானவை மட்டும் ‘கிட்-எஸ்ஹெச்-செட்டப்’ என்ற கோப்பில், புள்ளிக் கட்டளையால் (‘சோர்ஸ்’ செய்வதையே செய்வது) ஏற்றப்படும். ரூபி பதிப்புகளை மாற்றித்தரும் ஆர்பிஎன்வியும் ‘லிப்எக்ஸெக்’ ஃபோல்டரில் அப்படியே அடுக்கியிருக்கிறது. துணைக் கட்டளை தனி ப்ராசஸாக ஓடினால் அதன் வேரியபிள் வெளியே கசியாது, அதன் ‘எக்ஸிட்’ அதை மட்டுமே கொல்லும். கூப்பிட்டவரின் நிலையை மாற்றத் தேவையில்லாத எதையும் நான் சோர்ஸ் செய்ய மாட்டேன்.

முதல் வரியில் ‘/பின்/எஸ்ஹெச்’ எழுதிவிட்டு ‘சோர்ஸ்’ பயன்படுத்துவதும் அடிக்கடி நடக்கிறது. உபுண்டுவில் 6.10-லிருந்து அது டாஷ் என்ற வேறொரு ஷெல். அதற்குப் புள்ளி மட்டும்தான் தெரியும்.

ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் நட்சத்திரக் குறியால் லூப் போட்டு ஏற்றுவது சுலபம்தான். ஆனால் வரிசை லோக்கேல் (மொழி, வட்டார) அமைப்பைப் பொறுத்து மாறலாம், ஸ்கிரிப்டில் தவறு தேடும் கருவியான ஷெல்செக்காலும் பின்தொடர முடியாது. கோப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதி, மேலே ஷெல்செக்குக்கான ‘சோர்ஸ்=’ குறிப்பைப் போட்டு, ‘-எக்ஸ்’ கொடுத்து ஓட்டுங்கள்.

ஒரே பெரிய கோப்பாக வைப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். நோட் பதிப்புகளை மாற்றித்தரும் என்விஎம் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒற்றைக் கோப்புதான். பயனரின் ஷெல்லுக்குள்ளேயே ஏற வேண்டியது அது. பிரித்து எழுதி, வெளியிடும்போது மட்டும் ஒன்றாக ஒட்டுவதும் நல்ல வழி. அப்போது ஒன்றைக் கவனியுங்கள். லைப்ரரிகளின் அடியில் ‘பாஷ்_சோர்ஸும் $0-வும் ஒன்றானால் என் சோதனையை ஓட்டு’ என்று எழுதும் பழக்கம் உண்டு. ஒட்டிய கோப்பில் அந்த நிபந்தனை எல்லாமே உண்மையாகிவிடும்; பயனர் ஓட்டியதும் உங்கள் சோதனைகள் வரிசையாக ஓட ஆரம்பிக்கும். சோதனையை வேறு கோப்பில் வையுங்கள்.