பேட்டரி மாற்றியும் வண்டி அடங்கவில்லையா? கார் கம்ப்யூட்டரை ரீசெட் செய்யும் முறை

பேட்டரி இறங்கி, ஜம்ப் கொடுத்து ஓட்டி, கடைசியில் புது பேட்டரியும் வாங்கிப் போட்டாகிவிட்டது. செல்ஃப் இப்போது ஒரே அடியில் எடுக்கிறது. ஆனால் சிக்னலில் கிளட்ச்சை மிதித்து நின்றால் என்ஜின் அணைந்துபோகிறது, இல்லையென்றால் ஆர்பிஎம் முள் 600-க்கும் 1200-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. என் பெட்ரோல் காரில் இதேதான் நடந்தது. காட்டிய இடத்தில் த்ராட்டில் பாடியையே (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தட்டு உள்ள பாகம்) மாற்ற வேண்டும் என்றார்கள். நான் மாற்றவில்லை, வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரீசெட் செய்து பழக்கியதும் சரியாகிவிட்டது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் செய்வது புரியும். இசியூ என்று சொல்கிறோமே, அந்த என்ஜின் கம்ப்யூட்டர் வண்டி ஓட ஓடத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும். த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கரி படியப் படிய காற்று போகிற சந்து குறையும், அதை ஈடுகட்டத் தட்டை ஒரு மயிரிழை கூடுதலாகத் திறக்க இசியூ பழகியிருக்கும். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் இந்தப் பழக்கம் அழிந்துபோய், கம்பெனியில் எழுதிய ஆரம்பக் கணக்குக்கே திரும்பிவிடும். கணக்கு புதுசு, தட்டில் இருக்கும் கரியோ நாலு வருடப் பழசு. காற்று போதாமல் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது திணறுகிறது, அவ்வளவுதான். த்ராட்டிலைச் சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் ஏறிப்போய் நிற்பதும் இதே கதைதான், தலைகீழாக.

ஆனால் ரீசெட்டுக்கு முன்னால் வோல்டேஜைப் பாருங்கள். அதில் குறை இருந்தால் நூறு தடவை ரீசெட் செய்தாலும் பிரச்சினை திரும்பி வரும். சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியே போடாமல் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போயிருந்தால் முதல் வேலை அதைச் சார்ஜரில் போடுவது. அடுத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள், அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு சுமார் 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும், காட்டவில்லை என்றால் என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள். புது வண்டிகள் சிலவற்றில் இசியூவே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு இன்னொரு தடவை பார்த்து முடிவு செய்வது நல்லது.

அப்புறம் டெர்மினல். என் வண்டியில் நெகட்டிவ் கிளாம்ப்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், வெறும் கையாலேயே திரும்பியது. நட்டு இறுகித்தான் இருந்தது, ஆனால் கிளாம்ப்பின் உள்பக்கம் வெள்ளையாக உப்பு பூத்து, ஈயக் கம்பத்தில் ஒரு ஓரம் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும், செல்ஃப் அடித்தால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும். விளக்குக்கு ஒரு சில ஆம்பியர் போதும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறுக்கு மேல் வேண்டும், அந்தக் கரண்ட் இவ்வளவு மோசமான தொடுப்பு வழியாகப் போகாது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாள் ஒரு சுற்று போட்டால் ஈயம் மினுமினுவென்று வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூளில் அமிலம் இருக்கிறது. நெகட்டிவ் கேபிள் பாடியிலும் கியர்பாக்ஸிலும் போய்ச் சேரும் எர்த் போல்ட்டையும் அதே மூச்சில் பார்த்துவிடுங்கள், பலர் அதைத் தொடுவதே இல்லை.

இனி ரீசெட். அதற்கு முன் இசியூவில் பதிந்திருக்கும் ஃபால்ட் கோடுகளை (எங்கே கோளாறு என்று சொல்லும் குறியீடுகளை) எழுதி வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், அழித்துவிட்டால் என்ன நடந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்து போய்விடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும், அதில் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகி, போனில் ஆப் வழியாகப் படிக்கலாம். பி 0562 என்றால் வோல்டேஜ் குறைவு. யு 0100 என்றால் என்ஜின் இசியூவோடு தொடர்பு அறுந்தது, பேட்டரி இறங்கிய சமயத்தில் இதுவும் சேர்ந்து பதிவாவது உண்டு. இந்த மாதிரிக் கோடுகளை அழிக்கலாம், திரும்பி வராவிட்டால் விட்டுவிடலாம். பி 0335 இருந்தால் அது என்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் சம்பந்தப்பட்டது, உங்கள் ஸ்டார்டிங் பிரச்சினைக்கே அது காரணமாக இருக்கலாம். ஏர்பேக் விளக்கு எரிந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

ஸ்கேனரில் அழித்தாலே பாதி வேலை முடிந்தது. ஸ்கேனர் இல்லை, அல்லது பழகிய கணக்கையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்றால் பேட்டரி வழிதான். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டிரைவர் கண்ணாடியை இறக்கி வையுங்கள் (சாவி உள்ளே இருக்கும்போது கதவு பூட்டிக்கொண்டால் பெரும் அவஸ்தை). பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பெரும்பாலான வண்டிகளில் கழற்றிவிடலாம். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், நெகட்டிவ் கழன்றிருந்தால் அந்தப் பயம் இல்லை. கழற்றிய கேபிளைத் துணியில் சுற்றி ஒதுக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். இடையில் ஒரு தடவை ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு அணைத்தால் மிச்சம் மீதி கரண்டும் வடிந்துவிடும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிற பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் இசியூவையே சுட்டுவிடும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயரை எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாது. சிக்னலில் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் இருக்கும், அதை இழுத்துப் பிடுங்காமல் பொறுமையாகக் கழற்றுங்கள். சிலவற்றில் புது பேட்டரியை ஸ்கேனர் வழியாகப் பதிவு செய்தாக வேண்டும்.

மாட்டியாச்சா? பலர் கோட்டை விடுவது இங்கேதான். உடனே ரோட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஏசி, லைட், பாட்டு எல்லாம் அணைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுங்கள். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து அரை நிமிடம் விட்டால், பானெட் பக்கம் த்ராட்டில் மோட்டார் மெல்லிசாகச் சத்தம் போடுவது சில வண்டிகளில் காதில் விழும். அணைத்து, பத்து நொடி கழித்து மறுபடி ஆன் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள், அப்போதும் கால் வைக்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை சுற்றி நிற்கும்வரை ஐடிலிங்கிலேயே விடுங்கள். முதல் சில நிமிடம் ஆர்பிஎம் தடுமாறும், பதற வேண்டாம். அடுத்து ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம், ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்தபடி டி-யில் ஐந்து நிமிடம். பிறகு நிதானமாக ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். இது பொதுவான முறை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறுவது சில நாள் முரட்டுத்தனமாக இருந்தாலும் அதுவும் பழகிவிடும்.

ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் என்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி திருப்பி நேராக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணையும். ஒரு தட்டில் ஏறும் கண்ணாடி ஏறாமல் நின்றால் முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, சுவிட்சை விடாமல் சில நொடி பிடித்திருங்கள். சாவி படம் போட்ட இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டி எடுக்க விடாத திருட்டுத் தடுப்பு) விளக்கு சிமிட்டி வண்டி எடுக்கவில்லை என்றால் இந்த ரீசெட் எதுவும் உதவாது. இன்னொரு சாவியை வைத்துப் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் திரும்பவும் வோல்டேஜ் பாருங்கள். 12.6 இருந்தது 12.2 ஆகியிருந்தால் ஏதோ ஒன்று இரவில் கரண்ட் குடிக்கிறது. வண்டியைப் பூட்டி முக்கால் மணி நேரம் கழிந்தபின் இழுக்கும் கரண்ட் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் முதலில் வெளியில் வாங்கி மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபையர் இவற்றைக் கழற்றிப் பாருங்கள், பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி எதில் மீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள்.