லினோகட்டில் ஒரு தமிழ்ச் சொல்: சுழி அடைபடாமல் வெட்டி அச்சிடும் முறை

லினோ என்ற தகட்டைச் செதுக்கி, வெட்டாமல் மேடாக நிற்கும் பகுதியில் மை பூசித் தாளில் அச்செடுப்பதுதான் லினோகட். இதைச் சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் இலை, பறவை, பூனை என்று படத்தில்தான் தொடங்குவார்கள். இலையின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுத்தில் உடனே தெரிந்துவிடும். அதிலும் தமிழில் வளைவும் சுழியும் அதிகம். சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் மையில் அடைபட்டுப் போனால் எழுத்தே மாறிவிடும்.

வடிவமைப்புப் படிப்பில் ஒரு செயல்திட்டத்துக்காகத் தமிழ்ச் சொற்களை மட்டுமே வைத்து ஒரு போஸ்டர் வரிசை செய்துகொண்டிருக்கிறேன். எல்லாம் லினோவில் வெட்டி, கையால் தேய்த்து எடுத்தவை. அதில் எனக்குக் கைவந்த முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுச் சொல் 'மழை'. இரண்டே எழுத்துதான், ஆனால் தொடக்கத்தில் வரக்கூடிய சிக்கல் பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். ஒரே நிறம். அச்சு இயந்திரம் வேண்டாம்.

தேவையானவை

லினோ: 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் போதும். பின்பக்கம் சணல் துணி ஒட்டிய, சுமார் 3 மி.மீ. கனமுள்ள சாம்பல் நிற லினோவையே வாங்குங்கள். ரப்பர் போன்ற மென்மையான பிளாக்குகளும் கிடைக்கின்றன. வெட்டச் சுலபம்தான், ஆனால் எழுத்துக்கு நான் அவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தேய்க்கும்போது மெல்லிய கோடு அழுத்தத்தில் அசைந்துகொடுக்கும், விளிம்பு கூர்மையாக விழாது.

லினோ முதலில் வந்தது தரைவிரிப்பாகத்தான். ஃபிரெடெரிக் வால்டன் 1863-ல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும்தான் முக்கியச் சரக்கு. அந்த எண்ணெய் காற்றுப்படப் படத் தொடர்ந்து இறுகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அலமாரியில் நெடுநாள் கிடந்த லினோ வெட்டும்போது உதிர்கிறது. வாங்கும்போது ஓரத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் வேண்டாம்.

கட்டர்: சின்ன வி கட்டர் ஒன்று, சின்ன யூ கட்டர் ஒன்று, பெரிய யூ கட்டர் ஒன்று. வி, யூ என்பது முனையின் வடிவம். பத்துப் பன்னிரண்டு முனைகள் வரும் பெட்டி வேண்டாம். அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல எஃகில் செய்த ஒரு வி கட்டர் வாங்கினால் ஆயுளுக்கும் வரும்.

மை: சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மை. நீர் மை தட்டில் உருட்டிக்கொண்டிருக்கும்போதே காய ஆரம்பித்துவிடும். புதியவருக்கு நிதானமாக வேலை செய்ய நேரம் வேண்டும், அதை எண்ணெய் மைதான் தரும்.

இவை தவிர ரப்பர் ரோலர், மை உருட்ட ஒரு கண்ணாடித் துண்டு, டிரேசிங் பேப்பர், 4பி பென்சில், தேய்க்க வழவழப்பான மரக்கரண்டி ஒன்று. காகிதம் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்கட்டும். சோதனைக்கு 80 ஜிஎஸ்எம் சாதாரணத் தாளே போதும். கையால் தேய்ப்பவர்களுக்குக் கனமான சொரசொரப்புத் தாள் ஆகவே ஆகாது.

படி 1: வரைதல்

கணினியில் ஒரு எழுத்துருவை எடுத்து அப்படியே வெட்டலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். திரையில் படிப்பதற்காகச் செய்த எழுத்துருக்களில் சுழிகள் இறுக்கமாக இருக்கும். தடித்த மார்க்கர் பேனா எடுத்துக் கையால் எழுதுங்கள். எழுத்தின் உயரம் 5 செ.மீ., கோட்டின் தடிமன் 6 முதல் 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கைக்கு அடங்கும்.

எழுதியதும் கோட்டைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். ம-வின் வலப்பக்க வளையம், ழ-வின் வளையம், ஐகாரக் குறியின் இரண்டு குட்டிச் சுழிகள். இந்த இடங்களில் குறுக்களவு 3 மி.மீ.க்குக் குறைந்தால் பெரிதாக்குங்கள். அச்சில் மை கொஞ்சம் பரவத்தான் செய்யும், அதனால் வரைந்த வெள்ளையைவிட அச்சாகும் வெள்ளை எப்போதும் சிறியது. தாளில் 'சுழி கொஞ்சம் பெரிசா இருக்கே' என்று தோன்றும் அளவுதான் அச்சில் சரியாக வரும்.

படி 2: லினோவுக்கு மாற்றுதல்

அச்சில் நேராக வர, லினோவில் எழுத்து இடம்வலம் மாறி இருக்க வேண்டும். டிரேசிங் பேப்பரே இதைச் செய்துவிடும். எழுத்தை அதில் 4பி பென்சிலால் அழுத்தி வரையுங்கள். பென்சில் பக்கம் லினோவைத் தொடும்படி கவிழ்த்து வையுங்கள். நாலு மூலையும் டேப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தைக் கரண்டியால் தேய்த்தால் எழுத்து தானாகவே திரும்பி இறங்கும். அப்புறம் அதன் மேல் மெல்லிய பெர்மனென்ட் மார்க்கரால் ஒருமுறை வரைந்துவிடுங்கள். பென்சில் கைபட்டு அழியும்.

வெட்டும் முன் சரிபார்க்க ஒரு வழி: போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து லினோவை அதற்குக் காட்டுங்கள். அந்தக் கேமரா திரையில் கண்ணாடிப் பிம்பமாகக் காட்டும் என்பதால் சொல் நேராகத் தெரிய வேண்டும். 'மழை' என்று படிக்க முடிந்தால் வெட்டலாம்.

[சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் அச்சு இடம்வலம் மாறி வருவதாகக் கேட்டிருந்தார்கள். ஒருவர் கணினியிலேயே எழுத்தைத் திருப்பிப் பிரின்ட் எடுத்து, அதை டிரேசிங் பேப்பரில் வரைந்து கவிழ்த்திருக்கிறார். இரண்டு முறை திருப்பினால் பழையபடி நேராகிவிடும், அச்சில் திரும்பிவிடும். ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் திருப்பிவிட்டு வரிசையை மாற்றாமல் விட்டிருக்கிறார். லினோவில் இடமிருந்து வலமாகப் பார்த்தால் முதலில் ழ, நடுவில் ஐகாரக் குறி, கடைசியில் ம இருக்க வேண்டும். முழுச் சொல்லையும் ஒரே தாளில் வரைந்து கவிழ்த்தால் இந்தக் குழப்பமே வராது.]

படி 3: வெட்டுதல்

முதலில் ஒரு முடிவு. எழுத்தை மேடாக நிறுத்திவிட்டுச் சுற்றி வெட்டுவதா, எழுத்தையே வெட்டி எடுத்துக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விடுவதா? இரண்டாவதில் வெட்டும் பரப்பு குறைவு என்பதால் பலர் அதையே எளிது என்பார்கள். தமிழுக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை. அப்படி வெட்டினால் சுழியின் உள்பகுதி தனித் தீவாக நிற்கும். 3 மி.மீ. தீவு கட்டர் பட்டாலே பெயர்ந்துவிடும். எழுத்தை மேடாக நிறுத்துங்கள்.

லினோ குளிர்ந்து கிடந்தால் ஹேர் டிரையரில் ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள். வெண்ணெய் போல வெட்டுப்படும். கட்டரைப் பிடிக்காத கை எப்போதும் கட்டருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

இனி முக்கியமான இடம். எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்ததும் இதுதான்.

சுழிகளின் உட்பகுதியை முதலில் வெட்டுங்கள். எழுத்தின் வெளி ஓரத்துக்குப் பிறகு வரலாம். எல்லாருக்கும் கை முதலில் வெளி ஓரத்துக்குத்தான் போகும், ஏனென்றால் எழுத்து உருவாவது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வெளியே வெட்டி முடித்துவிட்டால் சுழியைச் சுற்றி மிஞ்சுவது ஒரு மெல்லிய சுவர். அதற்குள் கட்டரை விட்டுக் கிளறும்போது அந்தச் சுவருக்கு முட்டுக்கொடுக்க வெளிப்பக்கம் ஒன்றும் இருக்காது. அது சாயும், இல்லையென்றால் உடையும். உள்ளே வெட்டும் நேரத்தில் சுற்றிலும் முழு லினோ இருந்தால் சுவர் அசையாது.

ம-வின் வளையத்தை வைத்துச் சொல்கிறேன். சின்ன வி கட்டரை வளையத்தின் உள்விளிம்பில், கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைத்து ஆழமில்லாமல் ஒரு சுற்று போங்கள். கட்டர் பிடித்த கை அப்படியே இருக்கட்டும், மறு கையால் லினோவைத் திருப்புங்கள். வளைவு ஒரே சீராக வருவதன் ரகசியம் அவ்வளவுதான். கையைத் திருப்பினால் வளைவு முறிந்து பலகோணமாகிவிடும்.

சுற்று முடிந்ததும் நடுவில் ஒரு மேடு நிற்கும். சின்ன யூ கட்டரால் அதை எடுக்க வேண்டும். இங்கேதான் கட்டர் வழுக்கி எதிர்ச் சுவரை அறுத்துவிடும். அதற்கு ஒரே வழி, ஒரு பக்கச் சுவரிலிருந்து தொடங்கி நடு மேடு வரை மட்டும் போய் நிறுத்துவது. கட்டரின் கைப்பிடியைக் கீழே தாழ்த்தினால் முனை மேலே எழும், சீவல் அங்கேயே அறுபடும். பிறகு லினோவை முழுதாகத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து நடு வரை வாருங்கள். எந்த வெட்டும் குறுக்கே முழுசாகக் கடந்து போகக்கூடாது. ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் போதும்.

சுவரின் சாய்வையும் கவனியுங்கள். மேலிருந்து கீழே போகப்போகச் சுவர் அகலமாக வேண்டும். கட்டரைச் சாய்த்துப் பிடித்து அடியில் குடைந்துவிட்டால் பத்து அச்சு தாங்கும், அப்புறம் உதிர ஆரம்பிக்கும்.

ஐகாரக் குறியின் சுழிகளுக்கும் இதே முறைதான், இடம்தான் குறைவு. அங்கே யூ கட்டர் நுழையாவிட்டால் வி கட்டராலேயே சுற்றிச் சுற்றி எடுத்துவிடலாம். ழ-வின் வால் தொடங்கும் முனையில் உள்மூலை கூர்மையாக வர வேண்டும். மூலையிலிருந்து வெளியே போகும்படி வெட்டுங்கள், மூலையை நோக்கிப் போகாதீர்கள்.

சுழிகள் எல்லாம் முடிந்த பிறகு வெளி ஓரத்தை வி கட்டரால் ஒரு சுற்று. பிறகு பின்னணி முழுவதையும் பெரிய யூ கட்டரால் வழித்துவிடுங்கள். அகலமான காலி இடங்களில் 2 மி.மீ. வரை இறங்கலாம், ஏனென்றால் ரோலர் அங்கே தாழ்ந்து மையை ஒட்டிவிட்டு வரும். சணல் தெரிந்தால் நிறுத்துங்கள். பின்னணியில் மிஞ்சும் சின்ன வரிகள் அச்சில் விழுவதைச் சிலர் குறையாக நினைப்பார்கள். எனக்கு அவை பிடிக்கும். எல்லா வெட்டும் ஒரே திசையில் சாய்வாக இருந்தால் 'மழை' என்ற சொல்லுக்குப் பின்னால் தூறலே விழும்.

படி 4: அச்சிடுதல்

மை போடும் முன் மெல்லிய தாளை லினோ மேல் வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். வெட்டாமல் விட்ட இடம் இதிலேயே தெரிந்துவிடும், மையும் வீணாகாது.

கண்ணாடியில் மையைக் கொஞ்சமாக எடுத்து மெல்லிய படலமாகும் வரை உருட்டுங்கள். காதால் கேட்டே அளவு தெரியும். சடசடவென்று ஒட்டி ஒட்டிச் சத்தம் வந்தால் மை அதிகம். மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் வந்து பரப்பு வெல்வெட் போலத் தெரிந்தால் சரி. லினோ மேல் ஒரேயடியாகப் பூசாமல், மெல்லிய படலமாக மூன்று நான்கு முறை திசை மாற்றி உருட்டுங்கள். சுழி அடைபடுவதில் பாதி வெட்டால் வருவது, மீதிப் பாதி அவசரமாக மை போடுவதால் வருவது.

தாளை மேலிருந்து மெதுவாக இறக்குங்கள். வைத்தபின் நகர்த்தக்கூடாது. உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கிவிட்டுக் கரண்டியின் முதுகால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கவும். கோடுகள் மேல் அழுத்தமாக, காலி இடங்களின் மேல் லேசாக. ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடம் இருந்தால் தாளைத் திரும்ப இறக்கி இன்னும் தேயுங்கள். முதல் ஒன்றிரண்டு அச்சு வெளிறித்தான் வரும். லினோ மையைக் குடித்துப் பழகியபின் கறுப்பு ஏறும்.

சுழியில் மை அடைந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டு, அடுத்த முறை மையைக் குறையுங்கள். அப்படியும் அடைந்தால் அந்த இடம் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். லினோவைக் கழுவிக் காயவைத்து இன்னும் கொஞ்சம் எடுங்கள்.

எண்ணெய் மை தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயச் சில நாள் ஆகும். அடுக்கி வைக்காமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் அச்சுக்குக் கீழே பென்சிலால் இடப்பக்கம் 3/12 என்பது போல எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. பன்னிரண்டில் மூன்றாவது என்று பொருள்.

கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தவை

புள்ளி: 'கடல்' வெட்டியவர் ல் மேல் இருந்த புள்ளி மட்டும் பெயர்ந்து வந்துவிட்டது என்றார். புள்ளி சுற்றிலும் ஆதாரமில்லாத தீவு. அதன் விட்டத்தைக் கோட்டின் தடிமனுக்குச் சமமாக வையுங்கள், நாலு பக்கமும் மலைச்சரிவு மாதிரி சாய்த்து விடுங்கள், அதைச் சுற்றிய பின்னணியை அதிகம் ஆழமாக்காதீர்கள். ஓலையில் எழுதியவர்களுக்கும் புள்ளி தொல்லைதான். ஓலை பொத்தலாகும் என்பதால் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, படிப்பவரே இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். போஸ்டரில் அந்தச் சலுகை நமக்கு இல்லை, ஆகவே புள்ளிக்கு இடம் விட்டே எழுத்தை வரையுங்கள்.

இரண்டு நிறம்: வெட்டி அச்சிட்டு, அதே லினோவை மேலும் வெட்டி அடுத்த நிறத்தை அதன் மேல் ஏற்றும் முறை ஒன்று உண்டு. 1959 வாக்கில் பிக்காசோ இதில் நிறையச் செய்திருக்கிறார். முதல் நிறத்துக்குத் திரும்பிப் போக முடியாத முறை அது. தொடங்குபவர்கள் நிறத்துக்கு ஒரு லினோ என்று தனித்தனியாக வெட்டுங்கள். அட்டையில் எல் வடிவத்தில் ஒரு தடுப்பு ஒட்டி, லினோவின் மூலையும் தாளின் மூலையும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முட்டும்படி வைத்தால் இரண்டு நிறமும் விலகாமல் உட்காரும்.