வீட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு அவர் பெயரிலேயே பணமும் பாதுகாப்பும்: பினாங்கில் எங்கிருந்து தொடங்குவது

பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கம் எத்தனையோ தமிழ் வீடுகளில் காலைப் பசியாறையிலிருந்து பிள்ளைகளின் டியூஷன் கட்டணம் வரை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்து நடத்துவது ஒரு பெண்தான். ஆனால் வீட்டுப் பத்திரம், கார் கிராண்ட், சேமநிதி, பேங்க் கணக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவர் பெயர் எதிலும் இருக்காது. நகை மட்டும் அவருடையது, ஓர் அவசரம் வந்தால் முதலில் அடகுக் கடைக்குப் போவதும் அதுதான். கணவர் நல்லவரா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. நல்ல மனிதரும் ஒரு நாள் திடீரென்று போய்விடலாம், அவர் பெயரில் மட்டும் இருந்த கணக்கை பேங்க் முடக்கிவிடும், சொத்துப் பத்திர வேலை முடியும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது. அடுத்த மாத வாடகைக்கு அந்த அம்மா யாரிடம் போய் நிற்பார்?

அதனால் முதலில் தனிக் கணக்கு. கூட்டுக் கணக்கு இருக்கிறதே என்பார்கள், அது இருக்கட்டும், இது வேறு. மைகார்டை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துக்கொண்டு அவரே பேங்குக்குப் போய்த் திறக்க வேண்டும், கணக்கோடு பதியும் கைப்பேசி எண் அவருடையதாக இருக்க வேண்டும், கார்டும் பின் நம்பரும் அவரிடமே இருக்க வேண்டும். மகன் போனில் ஆப் இருந்தால் அது மகனுடைய கணக்கு மாதிரிதான். ஆப் பயன்படுத்தத் தெரியாது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள், வாங்கி நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி. இதில் பலருக்குத் தெரியாமல் கிடக்கும் விஷயம் பழைய கணக்கு. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து எத்தனையோ பெண்கள் கல்யாணத்துக்கு முன் அங்கே ஃபேக்டரி வேலைக்குப் போய் வந்தவர்கள், தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டார்கள், கணக்கையும் மறந்துவிட்டார்கள். அந்தப் பணம் எங்கும் போகாது, சாதாரண சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தது 2.5% லாப ஈவு சட்டப்படி உண்டு, 2024க்கு 6.3% கொடுத்தார்கள். அம்மாவையோ மாமியாரையோ சேமநிதி அலுவலகத்துக்குக் கூட்டிப் போய், மைகார்டும் பெருவிரல் ரேகையும் கொடுத்துக் கேளுங்கள். பழைய ஐசி நம்பர் எங்காவது குறித்து வைத்திருந்தால் அதையும் கொண்டு போங்கள், பழைய பதிவைத் தேட அது உதவும்.

கணக்கே இல்லையென்றால் இப்போது திறக்கலாம், முதலாளி தேவையில்லை, சொந்தமாகக் கட்டலாம். தையல், கேட்டரிங், பலகாரம், டியூஷன் என்று வீட்டிலிருந்தே ஏதாவது சம்பாதிக்கும் பெண்கள் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்துகொள்ள வேண்டும், பதிந்தால்தான் அரசாங்கம் தன் பங்கைப் போடும். 2025 முதல் நீங்கள் கட்டுவதில் 20%, வருடத்துக்கு அதிகபட்சம் 500 வெள்ளி (ரிங்கிட்), வாழ்நாளில் மொத்தம் 5,000 வெள்ளி வரை. வருடத்துக்கு 2,500 வெள்ளி கட்டினால் 500 முழுவதும் கிடைக்கும். அவ்வளவு முடியாதென்றால் மாதம் 50 வெள்ளி கட்டுங்கள், அதற்கும் 20% உண்டு. 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருப்பதால், போடுவதில் 10% ஃப்ளெக்ஸிபல் கணக்கில் சேர்ந்து, வேண்டும்போது எடுக்கும்படி இருக்கும், மற்றதில் பெரும்பகுதி வயதான காலத்துக்கு.

சம்பளமே இல்லாத பெண்ணுக்கு? கணவர் வேலை செய்கிறார் என்றால் ஐ-சாயாங் என்று ஒன்று இருக்கிறது, அவருடைய 11% பங்கிலிருந்து 2% மாதாமாதம் மனைவியின் சேமநிதிக் கணக்குக்குப் போகும். கணவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஐயா, கையில் வரும் சம்பளத்தில் ஒரு காசும் குறையாது, ஒரு விண்ணப்பம்தான், தயவு செய்து இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கூட்டு, அதாவது மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு முறை வைத்து எடுக்கும் சீட்டு, அதில் சேர்க்கிறேன் என்பார்கள் நம் அக்காமார்கள். அந்தச் சேமிக்கும் பழக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது, பிடித்தவர் காணாமல் போனால் போனதுதான். அந்த மாதப் பணத்தில் பாதியாவது சேமநிதிக்குப் போகட்டும்.

சொக்சோவும், அதாவது சமூகப் பாதுகாப்பு நிறுவனமும், ஒன்று வைத்திருக்கிறது, 2022 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம். வருடத்துக்கு 120 வெள்ளி. குளியலறை கழுவும்போது வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தாலும், எண்ணெய் கொட்டிச் சுட்டுக்கொண்டாலும் சிகிச்சை, நிரந்தர ஊனத்துக்கான தொகை, இறந்தால் வாரிசுகளுக்கு உதவி என்று வரும். வேலைக்குப் போகும் பெண்ணும் வீட்டைக் கவனிப்பவர் என்ற முறையில் சேரலாம். 55 வயது நிரம்புவதற்கு முன் பதிந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அம்மாவுக்கு 54 என்றால் இந்த வாரமே போங்கள்.

இனி, பலரும் பேசத் தயங்கும் விஷயம்: கல்யாணப் பதிவு. கோயிலில் தாலி கட்டினோம், மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள், ஆனால் ஜேபிஎன்னில், அதாவது தேசியப் பதிவு இலாகாவில், பதியவில்லை என்றால் 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த இஸ்லாமியரல்லாதோர் திருமணத்தைச் சட்டத்தின் முன் நிலைநாட்டுவது பெரும்பாடு. கணவர் இறந்தால் சொக்சோவின் விதவை ஓய்வூதியத்துக்கு முதலில் கேட்பது திருமணச் சான்றிதழைத்தான், சொத்திலும் அவர் மனைவியாகப் பங்கு கேட்பது கஷ்டம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலிருந்து சிக்கல் தொடங்கும். இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போது, இருபது வருடம் ஆகியிருந்தாலும் சரி, போய்ப் பதியலாம், ஒருவர் போன பிறகு பதிய முடியாது. பதிவு அதிகாரியாக நியமிக்கப்பட்டவர்கள் சில கோயில்களிலும் இருக்கிறார்கள், ஜேபிஎன்னுக்கு நேராகவும் போகலாம். மகளுக்குக் கல்யாணம் பேசும்போது முகூர்த்தத்துக்கு முன் பதிவு முடிய வேண்டும் என்று பெண் வீட்டார் துணிந்து சொல்லுங்கள். சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்களே என்று பயப்படாதீர்கள்.

பதிவு இருந்தால் விவாகரத்திலும் வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு. 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, கல்யாணத்துக்குப் பின் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். ‘நீ ஒரு காசு சம்பாதிக்கவில்லை’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். வீட்டில் அடி உதை, கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது என்று போனால் ஜோர்ஜ்டவுனில் 1985 முதல் இயங்கும் டபிள்யூசிசி பெண்கள் மையத்தை நாடலாம், அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 எண் இரவும் பகலும் உண்டு.

கடைசியாக நாமினியும் உயிலும். கணவர் தன் சேமநிதியில் யார் பெயரைப் போட்டிருக்கிறார் என்று இன்றிரவே கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரையோ தங்கை பெயரையோ போட்டு, அப்படியே விட்டிருப்பவர்கள் நிறைய, இஸ்லாமியரல்லாதவர் என்றால் அந்தப் பெயருக்குத்தான் பணம் போகும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் இருக்கும்போது மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. அந்தப் பாதியில் மகனுக்கும் மகளுக்கும் சமம், மூத்த மகனுக்கே வீடு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 4 லட்சம் வெள்ளி வீட்டில் மனைவிக்கு 1 லட்சம்தான் என்றால் அதை விற்காமல் அவர் அங்கே இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு உயில் எழுதுங்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் என்னும் இஸ்லாமிய வாரிசுப் பங்கீட்டு முறை, திருமணப் பதிவும் மாநில சமய இலாகாவில், அங்கே கேட்டு ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் கொடை, பற்றி விசாரிக்கலாம். உயிலில் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் சொத்து கிடைக்கப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது, அதனால் வீட்டுக்காரர்களை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள்.