ஐந்து கிலோ டம்பெல்லில் நின்றுவிட்டீர்களா? பெண்களுக்கான எடைப்பயிற்சியும் சாப்பாடும், படிப்படியாக

கையில் தசை வடிவு தெரிய வேண்டும், தொடை இறுக வேண்டும், வயிற்றுச் சதை குறைய வேண்டும், அதற்காக எலும்பும் தோலுமாக ஆகிவிடவும் கூடாது. என்னிடம் கேட்கும் பெண்கள் எல்லோரும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறார்கள். இதற்கு உடலுக்குள் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். தசை கொஞ்சம் வளர வேண்டும், அதை மூடியிருக்கும் கொழுப்பு கொஞ்சம் குறைய வேண்டும். தசையை வளர்க்க ஒரு பயிற்சி, இறுக்குவதற்கு வேறொரு பயிற்சி என்று எதுவும் கிடையாது. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் உண்மை இல்லை. கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பதை உங்கள் மரபணுவும் ஹார்மோனும்தான் முடிவு செய்கின்றன.

எடை தூக்கினால் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுமோ என்ற பயத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். பெண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரிய தசை வேண்டும் என்று வருடக்கணக்கில் பாடுபடும் பெண்களுக்கே அது மெதுவாகத்தான் வருகிறது.

பெரும்பாலான பெண்கள் மாறாமல் நின்றுவிடுவதற்கு நான் காணும் காரணம், தூக்கும் எடை மாதக்கணக்கில் கூடாமலே இருப்பது. அதனால் இந்தப் பதிவில் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

படி 1: வாரத்தில் மூன்று நாள், இரண்டு பட்டியல்

முதல் பட்டியல்: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ்-அப், டம்பெல் ரோ (குனிந்து எடையை விலாப் பக்கம் இழுப்பது), ஹிப் த்ரஸ்ட் (மேல்முதுகை பெஞ்சில் சாய்த்து இடுப்பை மேலே தள்ளுவது).
இரண்டாவது பட்டியல்: ரோமானியன் டெட்லிஃப்ட் (எடையைக் கையில் பிடித்து, முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ், லாட் புல்டவுன் (மெஷினில் மேலிருக்கும் கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது), ஸ்டெப்-அப் (உயரமான பெட்டி மேல் ஏறி இறங்குவது).

ஒரு வாரம் முதல் பட்டியல், இரண்டாவது, மறுபடி முதல். அடுத்த வாரம் இரண்டாவது, முதல், இரண்டாவது. ஒவ்வொன்றும் மூன்று செட், ஒரு செட்டுக்கு 8 முதல் 12 முறை. காலுக்கான செட்களுக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வு எடுங்கள். வியர்வை கொட்ட வேண்டும் என்று ஓய்வைக் குறைத்தால், அடுத்த செட்டில் மூச்சு வாங்குமே தவிரத் தசைக்கு வேலை போகாது. முழு எடையில் செய்யும் முதல் செட்டுக்கு முன், பாதி எடையில் ஒரு செட் செய்து உடலைத் தயார் செய்துகொள்ளுங்கள். அசைவுகளைச் செய்யும் முறைக்கு எழுத்தைவிட வீடியோ உதவும். உங்கள் போனைப் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

புஷ்-அப்பில் மட்டும் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. முட்டியைத் தரையில் வைத்துச் செய்வதைவிட, கையை உயரமான மேசையிலோ கம்பியிலோ ஊன்றி, உடலை நேராக வைத்துச் செய்யுங்கள். 12 முறை எளிதாக வந்ததும் உயரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இப்படி இறங்கி இறங்கி ஒருநாள் தரைக்கே வந்துவிடலாம். முட்டி ஊன்றும் முறையில் இந்தச் சிறு சிறு படிகள் கிடையாது.

படி 2: தொடக்க எடை

பத்து முறை தூக்கி முடித்தபின், இன்னும் இரண்டு அல்லது மூன்று முறை மட்டும் முடியும் என்ற நிலையில் இருக்கும் எடைதான் உங்களுடையது. புதியவர்கள் இந்தக் கணக்கைக் குறைத்தே போடுவார்கள். இனி முடியாது என்று தோன்றும் இடத்தில் உண்மையில் இன்னும் ஐந்தாறு பாக்கி இருக்கும். சரிபார்க்க, ஆபத்தில்லாத ஒரு பயிற்சியில், உதாரணமாக லாட் புல்டவுனில், ஒரே ஒரு கடைசி செட்டை நிஜமாகவே முடியாமல் போகும்வரை செய்து எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். முடியாமல் போவதற்கு முன் தூக்கும் வேகம் தானாகக் குறையும். அதுதான் நம்பத்தக்க அறிகுறி.

படி 3: எடையைக் கூட்டுவது (இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறோம்)

விதி சுலபம். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கூட்டு, எண்ணிக்கை எட்டுக்கு இறங்கட்டும், மறுபடி 12-க்கு ஏறு. காலுக்கு இது அழகாக வேலை செய்யும். 40 கிலோவிலிருந்து 42.5 கிலோவுக்குப் போவது ஆறு சதவீத ஏற்றம்தான்.

தோள் பிரஸ்ஸில் நிலைமை வேறு. பல ஜிம்களில் 5 கிலோவுக்கு அடுத்த டம்பெல் 7.5 கிலோ. அது 50 சதவீத ஏற்றம்! எந்தத் தோளும் ஒரே வாரத்தில் அவ்வளவு பலம் பெறாது. 5 கிலோவில் 12 முறை நன்றாக வரும், 7.5-ஐ எடுத்தால் இரண்டுகூட வராது. உடனே, நமக்குப் பலம் இல்லை, இதுதான் நம் எல்லை என்று முடிவு கட்டி, அதே 5 கிலோவை வருடம் முழுவதும் தூக்குவோம். நானும் இதே இடத்தில்தான் மாதக்கணக்கில் நின்றேன். தடை தோளில் இல்லை, டம்பெல் அடுக்கில்தான் இருந்தது என்று புரிந்தபின் எல்லாம் நகர ஆரம்பித்தது.

தாண்டிப் போக நான்கு வழிகள், எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, சின்ன எடைகள். அரை கிலோ, கால் கிலோ பிளேட்டுகள் தனியாகக் கிடைக்கின்றன. இரும்பு டம்பெல்லில் ஒட்டிக்கொள்ளும் காந்த எடைகளும் உண்டு. வீட்டில் பயிற்சி செய்பவர்கள் வாங்க வேண்டிய முதல் பொருள், பிளேட் மாட்டித் திருகும் டம்பெல் கம்பி இரண்டும், நிறையச் சின்ன பிளேட்டுகளும்தான். ஒரே அளவில் வார்த்த வண்ண டம்பெல் ஜோடிகளில் பணம் போடாதீர்கள்.

இரண்டாவது, எண்ணிக்கையின் மேல் எல்லையை 12-இலிருந்து 20-க்குத் தள்ளுவது. முடியாமல் போகும் நிலைக்கு அருகே போகும்வரை, 5 முறை தூக்கினாலும் 30 முறை தூக்கினாலும் தசை ஏறக்குறைய ஒரே மாதிரி வளரும். 5 கிலோவில் 20 முறை வந்தவருக்கு 7.5 கிலோ பெரும்பாலும் நான்கைந்து முறையாவது வந்துவிடும்.

மூன்றாவது, கலந்து செய்வது. முதல் செட்டை மட்டும் 7.5-இல், வருகிற அளவுக்கு, மூன்று முறை என்றாலும் சரி. மீதி இரண்டு செட்டும் 5-இல். அப்புறம் இரண்டாவது செட்டையும் மாற்றுங்கள்.

நான்காவது, இறக்கும்போது மூன்று வினாடி எடுத்துக்கொள்வது. இது உதவும்தான், ஆனால் செட்டுக்குச் செட் வேகம் மாறினால் முன்னேறினோமா இல்லையா என்று தெரியாது. அதனால் கடைசியில் வைத்தேன்.

பார்பெல்லிலும் (இரு பக்கமும் பிளேட் மாட்டித் தூக்கும் நீளக் கம்பி) இதே சிக்கல் உண்டு. ஜிம்மில் இருக்கும் பெரிய கம்பி பெரும்பாலும் ஆண்களுக்கானது: 20 கிலோ, 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கான போட்டிக் கம்பி 15 கிலோ, 25 மில்லிமீட்டர். சிறிய கைக்கு அந்த மூன்று மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். உங்கள் ஜிம்மில் அது இருக்கிறதா என்று கேளுங்கள், மூலையில் யாரும் தொடாமல் கிடக்க வாய்ப்புண்டு.

எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: தேதி, எடை, ஒவ்வொரு செட்டிலும் வந்த எண்ணிக்கை. செயலிகளைவிட எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். போனைத் திறந்தால் வேறு எங்கோ போய்விடுகிறது மனது. போன முறை எழுதியதைப் பார்க்காமல் டம்பெல்லைத் தொடாதீர்கள்.

படி 4: சாப்பாடு

இங்கே முதலில் நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். உடல் எடை சரியாகவோ குறைவாகவோ இருந்து, சதை மட்டும் தளர்வாக இருக்கிறதென்றால், சாப்பாட்டைக் குறைக்கவே வேண்டாம். இப்போது சாப்பிடும் அளவிலேயே புரதத்தைக் கூட்டிப் பயிற்சி செய்யுங்கள். புதியவர்களுக்குத் தசை வளர்வதும் கொழுப்பு குறைவதும் ஒரே சமயத்தில் நடக்கும். எடை அதிகம் என்றால், ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு எழுதிவையுங்கள், சராசரியைப் பாருங்கள், அதிலிருந்து நாளுக்கு 300 கலோரி, மிஞ்சினால் 500 குறையுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம் குறைந்தால் போதும். ஒரேயடியாக 1000 கலோரிக்கு இறங்கும் திட்டங்களில் கொழுப்போடு தசையும் போகும். நாம் பாடுபடுவதே தசைக்காகத்தானே!

புரதம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம். 60 கிலோ என்றால் நாளுக்கு 96 கிராம். எடை மிக அதிகமாக இருப்பவர்கள், அடைய விரும்பும் எடையை வைத்துக் கணக்குப் போடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

96 என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரியும், தட்டில் பெரியது. ஒரு முட்டையில் 6 கிராம். கால் லிட்டர் பாலில் 8. வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30. உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 26. வே புரதப் பொடி (பாலிலிருந்து எடுப்பது) ஒரு கரண்டியில் 20 முதல் 25. சைவம் சாப்பிடுபவர்களுக்கு சோயா, தயிர், பனீர், பொடி இவைதான் கைகொடுக்கும். பாதாம், வேர்க்கடலையை நம்பி எண்ண வேண்டாம். ஒரு கைப்பிடியில், அதாவது 30 கிராமில், 6 அல்லது 7 கிராம் புரதம்தான், கூடவே 170 கலோரி வந்துவிடும்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி முதல் சில வாரம் மட்டும் எடைபோடுங்கள். கண் பழகியதும் அதை அலமாரிக்குள் வைத்துவிடலாம். ஆயுள் முழுக்க எடை போட்டுச் சாப்பிடுவது யாருக்கும் நல்லதில்லை.

இரும்புச் சத்தை மறக்க வேண்டாம். அமெரிக்கப் பரிந்துரைப்படி, மாதவிடாய் வரும் வயதில் பெண்களுக்கு நாளுக்கு 18 மில்லிகிராம் தேவை, ஆண்களுக்கு 8 போதும். படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, பயிற்சியில் எதுவும் ஏறவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். டீயும் காபியும் சாப்பாட்டோடு சேர்ந்து போனால் இரும்பு உடலில் சேர்வது குறையும்.

புரதப் பொடியைத் தவிர, மாத்திரை, பொடி வகைகளில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் (தசைக்கு உடனடி சக்தி கிடைக்க உதவுவது) ஒன்றைத்தான் நான் பரிந்துரைப்பேன், நாளுக்கு 3 முதல் 5 கிராம். கொழுப்பு எரிப்பான்கள் என்று விற்பவை வேண்டவே வேண்டாம்.

படி 5: அளப்பது

எடை மெஷின் பெண்களிடம் மாதம் முழுவதும் ஒரே பேச்சுப் பேசாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தேங்கி ஒன்றிரண்டு கிலோ கூடித் தெரியலாம். பயிற்சி ஆரம்பித்த புதிதிலும், கிரியேட்டின் எடுக்கும்போதும் அப்படித்தான். அதனால் இந்த மாதவிடாய் முடிந்த வாரத்தை, போன மாதவிடாய் முடிந்த வாரத்தோடு ஒப்பிடுங்கள். இடுப்பு, தொடை, மேல்கை ஆகியவற்றை டேப்பால் அளந்து பாருங்கள். எனக்குப் பிடித்த கருவி அதுதான். காலை வைத்தால் கொழுப்புச் சதவீதம் சொல்லும் மெஷின்கள் உடலில் இருக்கும் நீரைப் பொறுத்து மாறுபவை, அவற்றை நம்பித் திட்டத்தை மாற்றாதீர்கள்.

முதல் சில வாரங்களில் ஏறும் பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. கண்ணாடியில் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும்.

சேர்த்தது: படித்தவர்கள் கேட்டவை

பீரியட்ஸ் தள்ளிப்போகிறது என்று சிலர் எழுதினார்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, சாப்பாட்டைக் குறைப்பதை அன்றைக்கே நிறுத்துங்கள். உடலுக்குக் கிடைக்கும் சக்தி போதவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக அது இருக்கலாம். இந்தக் குறைபாட்டுக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. நீண்டால் எலும்பு பலவீனமாகும். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். பாடிபில்டிங் வீராங்கனைகளின், வயிற்றுக் கோடுகள் தெரியும் போட்டிநாள் படங்களைப் பார்த்து இலக்கு வைக்காதீர்கள். அவர்களே அந்த நிலையில் சில நாட்கள்தான் இருப்பார்கள்.

ரோமானியன் டெட்லிஃப்டில் தொடை களைப்பதற்கு முன்பே கை விரல்கள் தளர்ந்துவிடுகின்றன என்றும் கேட்டிருந்தார்கள். மணிக்கட்டில் மாட்டிக் கம்பியைச் சுற்றிக் கட்டும் பட்டை (லிஃப்டிங் ஸ்ட்ராப்) போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடி வளரும்வரை காலைக் காக்க வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, தனியாக மட்டும் கேட்கிறார்கள், அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். குதிக்கும்போதோ பாரமாகத் தூக்கும்போதோ சிறுநீர் கசிவது, முக்கியமாகப் பிரசவமானவர்களுக்கு, மிகச் சாதாரணமாக நடப்பது. வெட்கப்பட எதுவும் இல்லை, சகித்துக்கொண்டு தொடரவும் வேண்டாம். கசிவு தொடங்கும் எடைக்குக் கீழே இறங்கி, மேலே தூக்கும் நேரத்தில் மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள். இடுப்புத்தளத் தசைகளுக்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். ஒருமுறை போய்க் காட்டி, அவர் சொல்லும் பயிற்சியை இரண்டு பட்டியலிலும் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.