இசட் துகளை எக்ஸெல்லில் தேடுவது எப்படி?

ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் சிஎம்எஸ் என்ற கருவியை இயக்கும் குழு 2014 முதல் தன் புரோட்டான் மோதல் தரவுகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. காசு கிடையாது, அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. மாணவர்களுக்கென்றே சுருக்கப்பட்ட கோப்புகளும் உண்டு. நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் ஆள். வலிமை குறைந்த அணுக்கரு விசையைச் சுமக்கும் இசட் துகளைப் பற்றிக் கரும்பலகையில் எவ்வளவு எழுதினாலும் பிள்ளைகள் மனதில் நிற்பதில்லை. தாங்களே போட்ட வரைபடத்தில் அதன் நிறையான 91-க்குப் பக்கத்தில் ஒரு முகடு எழுந்துவிட்டால் அப்படியே நிற்கிறது. அதனால்தான் இந்த வழியை விடாமல் எல்லோருக்கும் சொல்கிறேன்.

செர்ன் திறந்த தரவுத் தளத்தில், இரண்டு மியூவான்கள் (எலக்ட்ரானின் கனமான உறவினர்கள்) பதிவான ஒரு லட்சம் நிகழ்வுகள் கொண்ட, எக்ஸெல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பு 2010-ஆம் ஆண்டு மோதல்களில் இருந்து கிடைக்கிறது. இறக்கும்முன் நெடுவரிசைகளின் பெயர்களைப் பாருங்கள். ஒவ்வொரு மியூவானுக்கும் ஆற்றல், மூன்று திசைகளிலும் உந்தம், மின்னூட்டம் இவை இருக்க வேண்டும். ஒரு வரி என்பது ஒரு மோதல். உந்த எண்கள் வந்த வழியையும் தெரிந்துகொள்ளுங்கள்: சிஎம்எஸ் கருவிக்குள் 3.8 டெஸ்லா காந்தப்புலம் இருக்கிறது. மியூவானின் பாதை அதில் எவ்வளவு வளைகிறது என்பதில் இருந்து உந்தமும், எந்தப் பக்கம் வளைகிறது என்பதில் இருந்து மின்னூட்டத்தின் குறியும் வருகின்றன.

கணக்கு இதுதான். இரண்டு மியூவான்களின் ஆற்றலைக் கூட்டி வர்க்கமாக்குங்கள். ஒவ்வொரு திசையிலும் இரண்டின் உந்தத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கமாக்குங்கள். இந்த மூன்று வர்க்கங்களையும் முதல் வர்க்கத்தில் இருந்து கழித்து, மிச்சத்துக்கு வர்க்கமூலம் எடுங்கள். முதலில் கூட்டல், பிறகுதான் வர்க்கம். வரிசை மாறினால் விடை ஒன்றுக்கும் உதவாது. கிடைப்பது ஜிஇவி (நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்; ஒரு புரோட்டானின் நிறை ஏறக்குறைய இவ்வளவு) அலகில் ஒரு நிறை. அந்த இரண்டு மியூவான்களும் ஒரே துகள் சிதைந்து பிறந்தவை என்றால், அது அந்தத் தாய்த் துகளின் நிறை. கோப்பிலேயே நிறைக்கு ஒரு நெடுவரிசை இருக்கும். அதை மறைத்துவிட்டு நீங்களே கணக்கிடுங்கள், அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது வடிகட்டல். இசட் மின்னூட்டம் இல்லாதது. ஆகவே ஒரு மியூவான் நேர் மின்னூட்டமும் மற்றொன்று எதிர் மின்னூட்டமும் கொண்ட வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறி கொண்ட ஜோடிகளை அழித்துவிடாமல் தனித் தாளுக்கு மாற்றுங்கள்.

இந்த நிறைகளின் நிகழ்வுச் செவ்வகத்தை (ஒவ்வொரு இடைவெளியிலும் எத்தனை நிகழ்வுகள் என்று காட்டும் பட்டைப் படத்தை) முதலில் 2 முதல் 5 ஜிஇவி வரை, 0.02 இடைவெளியில் போடுங்கள். 3.1 அருகே ஊசிபோல் ஒரு முகடு எழும். அது ஜே/சை என்ற, இசட்டைவிட மிக லேசான வேறொரு துகள். 1974 நவம்பரில் புரூக்ஹேவன், ஸ்டான்ஃபோர்டு என்று இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே இதை அறிவித்தன. அதன் இயல்பான அகலம் 0.0001 ஜிஇவி கூட இல்லை. உங்கள் முகடு அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அகலமாக இருக்கும். நீங்கள் அங்கே பார்க்கும் அகலம் முழுக்கக் கருவியின் மங்கல்தான். பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிதானமாகப் பாருங்கள், கருவி எவ்வளவு கூர்மையானது என்பதை ஒரே படத்தில் அளந்துவிட்டீர்கள்.

சரி, இனி 60 முதல் 120 வரை, 2 ஜிஇவி இடைவெளியில். இங்கே நிகழ்வுகள் குறைவு; செங்குத்து அச்சை மடக்கை அளவுக்கு மாற்றினால் நன்றாகத் தெரியும். 91 அருகே எழுவது இசட், 1983-இல் செர்னில் கண்டுபிடிக்கப்பட்டது. தனியே வைத்த ஒரே குறி ஜோடிகளுக்கும் இதே படத்தைப் போடுங்கள். அதில் முகடு வராது. இந்தச் சோதனையைச் செய்யாமல் முகட்டை நம்பாதீர்கள்.

இசட்டின் அகலம் வேறு வகை. கருவியின் மங்கல் இதிலும் கலந்திருக்கிறது, ஆனால் 2.495 ஜிஇவி அதன் சொந்த அகலம். ஒரு துகளுக்குச் சிதைய எத்தனை வழிகள் உண்டோ அத்தனைக்கும் அகலத்தில் ஒரு பங்கு சேரும், கருவியில் தடமே விடாத, மின்னூட்டம் இல்லாத நியூட்ரினோ துகள்களாகச் சிதையும் வழிகளுக்கும் சேர்த்துத்தான். இந்தக் கணக்குக்கு உங்கள் படத்தின் துல்லியம் போதாது. 1989 முதல் செர்னின் எல்இபி மோதுவியில் அளந்த எண்களை எடுத்துக்கொள்வோம். வீட்டு வரவு செலவு போலக் கழித்தால் போதும். மொத்தம் 2495 எம்இவி (ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி). குவார்க்குகளுக்கு (புரோட்டான், நியூட்ரான்களின் உட்கூறுகள்) 1744. எலக்ட்ரான், மியூவான், அவற்றைவிடக் கனமான உறவான டௌ மூன்றுக்கும் தலா 84, ஆக 252. மிச்சம் 499. ஒரு வகை நியூட்ரினோவுக்குக் கோட்பாடு தரும் பங்கு சுமார் 167. வகுத்துப் பாருங்கள்: நியூட்ரினோ வகைகள் மூன்று.

எனக்கு இந்த மூன்றின் மேல் தனிப் பிரியம் உண்டு. காரணம், பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களும் இதையே சொல்கின்றன. ஏறக்குறைய ஒரு வினாடி கழிந்தபோது நியூட்ரான்களும் புரோட்டான்களும் ஒன்று மற்றொன்றாக மாறுவது நின்றுபோனது. பிறகு சில நியூட்ரான்கள் சிதைந்து, ஏழு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்ற விகிதம் மிஞ்சியது. 14 புரோட்டான், 2 நியூட்ரான் எடுத்தால் ஒரு ஹீலியம் உருவாகும். 16-இல் 4, அதாவது நிறையில் கால் பங்கு. வானத்தில் அளக்கும் ஆதி ஹீலியமும் ஏறக்குறைய அவ்வளவே. நியூட்ரினோ வகை ஒன்று கூடியிருந்தால் பிரபஞ்சம் இன்னும் வேகமாக விரிந்திருக்கும், அந்த மாற்றம் முன்னதாகவே நின்று நியூட்ரான்கள் அதிகம் மிஞ்சியிருக்கும், ஹீலியத்தின் பங்கும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் ஏறியிருக்கும். ஸ்டைக்மன், ஷ்ராம், கன் என்ற வானியற்பியலாளர்கள் மூவரும் 1977-இலேயே இந்த வழியில் நியூட்ரினோ வகைகளுக்கு ஒரு உச்சவரம்பு போட்டுவிட்டார்கள், இசட் துகளை யாரும் பார்ப்பதற்கு முன்பே.

மியூவான் கோப்பை முடித்ததும், அதே தளத்தில் உள்ள இரண்டு எலக்ட்ரான் கோப்பையும் இதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். இசட் மறுபடி வரும், ஆனால் இடப்பக்கம் வால் நீண்டிருக்கும். எலக்ட்ரான் லேசானது, கருவியின் பொருளுக்குள் நுழையும்போது ஒளியாக ஆற்றலை இழக்கிறது, அதில் கொஞ்சம் கணக்கில் சேராமல் போகிறது.