மூன்று பச்சை விளக்கில் ஒன்று எரியவில்லையா?

சக்கரத்தை உள்ளே மடக்கும் சின்ன விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் இது வரும். இறங்கப் போகும்போது சக்கரங்களை (கியர்) இறக்கும் கியர் லீவரைக் கீழே தள்ளுகிறீர்கள், பம்ப் உறுமும் சத்தம் கேட்கிறது, ஏழெட்டு விநாடியில், சக்கரத்துக்கு ஒன்றாக, அது இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்கும் எரிய வேண்டும், இரண்டுதான் எரிகிறது. நான் பழகியது பைப்பர் ஆரோவில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் விமானம் வேறு என்றால் அதன் ஹேண்ட்புக்கில் உள்ளபடிதான் செய்ய வேண்டும்.

விளக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் விமானத்தை ஓட்டுங்கள். இறங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறி, விமான நிலையக் கன்ட்ரோல் டவரிடம் விஷயத்தைச் சொல்லி, ஒதுக்குப்புறமாக வட்டமடிக்க இடம் கேளுங்கள். எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு இருந்தால், உங்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. 1972 டிசம்பர் 29 இரவு மயாமி பக்கத்தில் விழுந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 என்ற பயணிகள் விமானம் பெரிய ஜெட்தான், ஆனால் அதில் கெட்டுப்போனது மூக்குச் சக்கர விளக்கின் பல்ப் மட்டும். காக்பிட்டில் இருந்த எல்லோரும் அதையே நோண்டிக்கொண்டிருந்தார்கள், ஆட்டோபைலட் உயரத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது யார் கண்ணிலும் படவில்லை. 101 பேர் இறந்தார்கள். அந்தச் சக்கரம் சரியாகவே இறங்கிப் பூட்டியிருந்தது.

சரி, உயரம் பிடித்து நேராகப் பறக்கிறீர்கள். இப்போது மாஸ்டர் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, கியருக்கான சர்க்யூட் பிரேக்கர் ஏதாவது வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துருத்தியிருந்தால் கொஞ்சம் ஆறவிட்டு ஒரே ஒரு தடவை உள்ளே அழுத்தலாம். மறுபடி தெறித்தால் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் அழுத்துவது ஒயரைச் சூடாக்கும் வேலை.

அடுத்து பேனல் விளக்கு சுவிட்ச். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் போதாது. ஆரோவில் இரவு கண் கூசாமல் இருக்க, பேனல் விளக்கைப் போட்டதும் கியர் விளக்குகள் தானாக மங்கிவிடும். பகலில் அதை அணைக்க மறந்திருந்தால் எரிகிற விளக்கும் எரியாதது போலத்தான் தெரியும். எனக்கே ஒரு சாயங்காலம் மேற்கு வெயில் நேராகப் பேனலில் அடித்துக்கொண்டிருக்க, மூன்றுமே எரியவில்லை. உள்ளங்கை வேர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி அந்த சுவிட்சை அணைத்தார், மூன்றும் பளிச்சென்று எரிந்தன.

அதுவும் இல்லையென்றால் பல்பைச் சோதியுங்கள். எரிகிற விளக்கை உருவி, எரியாத இடத்தில் செருகிப் பாருங்கள். அங்கே எரிந்தால் பழைய பல்ப்தான் போயிருக்கிறது, சக்கரம் பூட்டிவிட்டது. கைதவறி பல்ப் கீழே, மூக்கை இடம் வலம் திருப்பக் காலால் மிதிக்கும் ரடர் பெடல் பக்கம் உருண்டால் குனிந்து தேடாதீர்கள், கூட வந்தவர் தேடட்டும்.

செருகிய நல்ல பல்பும் எரியவில்லையா, அப்போதுதான் சக்கரத்தைச் சந்தேகப்பட வேண்டும். ஆரோவில் சக்கரங்களை மேலே பிடித்து வைத்திருப்பது ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தம் மட்டும்தான், மேலே பூட்டும் கொக்கி எதுவும் கிடையாது. அழுத்தத்தை விட்டால் சொந்த எடையிலேயே கீழே விழும். அதனால் வேகத்தை ஹேண்ட்புக் சொல்லும் அளவுக்குக் குறைத்து, கியர் லீவர் கீழே இருப்பதை உறுதி செய்துகொண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் அவசர லீவரைக் கீழே அழுத்திப் பிடியுங்கள். வேகம் அதிகமாக இருந்தால் எதிர்க்காற்று சக்கரத்தைப் பூட்ட விடாது, அவசரப்படாதீர்கள். அப்படியும் பூட்டவில்லை என்றால் ரடரை இடமும் வலமுமாகச் சட்டென்று மிதித்து மூக்கை ஆட்டுங்கள், பாதியில் நிற்கும் சக்கரம் அந்த உதறலில் கீழே பூட்டும் கொக்கியில் போய் மாட்டும். செஸ்னாவின் மடக்குச் சக்கர ரகங்களில் முறையே வேறு, அங்கே கைப்பம்பை வெளியே இழுத்து, கனமாகும் வரை அடிக்க வேண்டும்.

டவர் பக்கமாகத் தாழப் பறந்து, அங்கே இருப்பவர்களைப் பார்க்கச் சொல்லலாம். சக்கரம் தொங்குவது அவர்களுக்குத் தெரியும், பூட்டியிருக்கிறதா என்பது தெரியாது. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

எல்லாம் செய்தும் வழியில்லை என்றால், தீயணைப்பு வண்டி நிற்கும் நீளமான தார் ரன்வேயைத் தேர்ந்தெடுங்கள். பெல்ட்டை இறுக்கி, தரை நெருங்கும்போது கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, முடிந்த அளவு மெதுவாக இறக்குங்கள். புரொப்பெல்லரைக் காப்பாற்ற வானத்திலேயே இன்ஜினை நிறுத்தச் சிலர் ஆசைப்படுவார்கள், தயவுசெய்து வேண்டாம். இன்ஜினுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ரன்வேக்கு முன்னால் விழுந்தால் உங்களுக்கு யார் பொறுப்பு?

சக்கரத்தோடு நல்லபடியாக இறங்கினாலும், சந்தேகம் இருந்த விமானத்தை ஹேங்கர் வரை ஓட்டிப் போகாதீர்கள். நேராக நின்று இன்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஜாக்கில் தூக்கி, கியரைப் பலமுறை மடக்கி இறக்கிப் பார்த்து அவர் கையெழுத்துப் போடும் வரை சாவி யார் கைக்கும் போகக் கூடாது.