பயிற்சிப் பாடம் தயாரிக்கிறீர்களா? கடைசிச் சோதனையை முதலில் எழுதுங்கள்

புது ஆளுக்குப் பயிற்சி தர ஸ்லைடு, வீடியோ எது தயாரித்தாலும், முடிவில் அவர் செய்துகாட்ட வேண்டிய சோதனையை முதலில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். என்ன செய்ய வேண்டும், எந்த நிலையில், எவ்வளவு சரியாக என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அமெரிக்கப் பயிற்சி வல்லுநர் ராபர்ட் மேகர் 1962-லேயே வகுத்துத் தந்த வழி இது.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு (அதில் ஊசி நூலோடு பின்னும் நூலைக் கொண்டுபோகும் கொக்கிதான் லூப்பர்) என்றால் இப்படி: ‘கீழ் லூப்பர் நூல் அறுந்த ஓவர்லாக் மெஷினை, யாரையும் கேட்காமல், 3 நிமிடத்துக்குள் கோத்து, துண்டுத் துணியில் தையல் விடாமல் ஓட்ட வேண்டும்.’ இதை எழுதியதுமே மெஷினின் வரலாறு, பாகங்களின் பட்டியல் எல்லாம் தானாகக் கழன்றுவிடும். ஊசி நூலை உருவிவிட்டு, லூப்பரைக் கோத்து, ஊசியைக் கடைசியில் கோக்கும் அந்த வரிசைதான் மிஞ்சும். வீடியோவும் அதற்கு மட்டும் எடுத்தால் போதும். பல வருடம் தைத்த அக்காவிடம் கேட்டால் இந்த வரிசையைச் சொல்லாமலே விட்டுவிடுவார், கை பழகிவிட்டது. அதனால் கேட்பதோடு நிறுத்தாமல் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாடம் தயாரிக்கும் வேலைக்கு மென்பொருள் அறிவைவிட இந்தக் கவனிப்புதான் பெரிய திறமை என்பேன்.

ஷிப்ட் நேரம், லீவு விதி மாதிரி வெறும் தகவலுக்கு இது வேண்டாம், ஒரு தாள் ஒட்டினால் சரி. ஊசி மழுங்கியோ வெளிச்சம் போதாமலோ தையல் கெடுகிறது என்றால், எந்தப் பயிற்சியும் உதவாது.